ஒக்கலிபுரம் யூனியனை விட்டு யாரும் போனதில்லை

உலகத்தின் பெரிய கால்பந்து அணிகளுக்கெல்லாம் மே மாதம் பிறந்தால் தூக்கம் போய்விடும். ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம் முடிகிற காலம் அது. வக்கீல்கள் விமானத்தில் பறப்பார்கள், ஏஜெண்டுகள் ஓட்டல் அறைகளில் கதவைச் சாத்திக்கொண்டு பேரம் பேசுவார்கள், முதலாளிகள் மாத்திரை போட்டுக்கொண்டு படுப்பார்கள். ஒக்கலிபுரம் யூனியனின் செயலாளர் தியோடருக்கு மட்டும் மே மாதத்தில் இரண்டு கிலோ எடை கூடும். மாம்பழக் காலம் என்பது ஒரு காரணம். கவலையே இல்லை என்பது இன்னொன்று.

"இருபத்திநாலு வருசம்," என்பார், பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் உட்கார்ந்தே ஓய்வு பெற்ற அந்த மனிதர், டீக்கடையில் யார் மாட்டினாலும். "ஒரு பிளேயர், ஒரே ஒரு பிளேயர் நம்ம கிளப்ப உட்டுட்டு வேற கிளப்புக்குப் போயிருக்கானா? சொல்லு பாக்கலாம்."

யாராலும் சொல்ல முடியாது. ஏனென்றால் அது உண்மை. மாவட்ட லீகின் மூன்றாவது பிரிவில், கடைசியிலிருந்து மூன்றாவது இடத்தை எத்தனையோ ஆண்டுகளாக எவருக்கும் விட்டுக்கொடுக்காத அணி அது. ஒப்பந்தம் என்று ஒரு பக்கக் காகிதம் உண்டு. அதில் சம்பளம் என்ற சொல்லும் உண்டு. அதற்கு எதிரே ஒரு சின்னக் கோடு உண்டு. அந்தக் கோட்டைப் பார்த்தும் பதினெட்டுப் பேர் ஆண்டுதோறும் கையெழுத்துப் போட்டார்கள் என்றால், அதற்குப் பின்னால் தியோடரின் கலை இருந்தது.

காகிதத்தை அவர் நம்பவில்லை. முடிச்சுகளை நம்பினார். இடதுபுறத் தடுப்பாட்டக்காரன் எரிக், தியோடரின் அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தான். அவன் மகளுக்குப் பள்ளியில் இடம் கிடைத்தது தியோடர் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தால். அந்தக் கடிதத்தைப் படித்துத் தலைமையாசிரியை அழுதுவிட்டதாகத் தியோடரே சொல்லியிருக்கிறார். வலது விங்கில் ஓடும் டிரேவருக்கு அவர் பெண் பார்த்துக் கட்டிவைத்த ஜோவிதா, கிளப் பொருளாளரின் ஒரே மகள். இனி டிரேவர் அணி மாற வேண்டுமென்றால் முதலில் மாமனாரை மாற்ற வேண்டும். ஆட்டக்காரர்களின் பிள்ளைகளில் பதினொரு பேருக்குத் தியோடர்தான் ஞானத்தகப்பன். ஒரு முழு அணியும் தேறும்; மாற்று ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் வயிற்றில் இருந்தார்கள்.

இப்படிப்பட்ட மனிதரின் மாம்பழத் தட்டில்தான் அவர் மனைவி சிந்தியா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் குண்டைப் போட்டாள்.

"நேத்து மல்லேஸ்வரத்துல உங்க கோல்கீப்பர பாத்தேன். எட்டாவது கிராஸ்ல காபி குடிச்சினு இருந்தான்."

"முனிராஜா? குடிக்கட்டும். அவன் குடிக்கிறதே காபி ஒண்ணுதான்."

"கூட ஒருத்தன் இருந்தான். தாடி. வெள்ளை ஷூ. டீ ஷர்ட்ல சர்ஜாபூர் சிட்டின்னு போட்டிருந்துச்சு. அவன் பேசறான், இவன் தலைய ஆட்டறான். அவன் போனக் காட்றான், இவன் மறுபடியும் தலைய ஆட்டறான்."

"எப்பிடி ஆட்டுனான்? ஆமான்னா, இல்லன்னா?"

"நம்ம ஊர்ல ரெண்டும் ஒரே ஆட்டம்தானேங்க."

தியோடர் கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தார். முப்பத்தெட்டு ஆண்டு மணவாழ்க்கையில் அவர் ஒரு மாம்பழத் துண்டைக் கீழே வைத்தது அதுதான் முதல் முறை.

சர்ஜாபூர் சிட்டி என்பது மூன்று ஆண்டுக்கு முன் முளைத்த கிளப். அந்தத் தாடிக்காரன் ஷ்ரேயாஸ் அதன் தலைமை அதிகாரி. அவர்களிடம் உணவு நிபுணர் இருந்தார், தூக்க நிபுணர் இருந்தார், ஆட்டக்காரனின் இடது முழங்காலுக்கு ஒருவர், வலது முழங்காலுக்கு வேறொருவர் இருந்தார்கள். ஆனாலும் ஒப்பந்தம் முடிகிற அன்று கூண்டைத் திறந்த மாதிரி அத்தனை பேரும் பறந்துவிடுவார்கள்; மைதானத்தில் புல் மட்டும் மிஞ்சும். ஆண்டுதோறும் புதிதாகப் பிடித்துவர வேண்டும். இந்த ஆண்டு முனிராஜைப் பிடிக்க வந்துவிட்டார்கள்.

முனிராஜ் போனால் யூனியன் போயிற்று. பீன்யாவில் ஒரு பேரிங் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை அவனுக்கு. ஆயிரம் உருண்டையில் ஒன்று ஒரு மயிரிழை கோணலாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். பந்தையும் அப்படித்தான் பார்ப்பான். தியோடர் கணக்கில் போன ஆண்டு அவன் தடுத்த பெனால்டி ஏழு. டீக்கடையில் அது பதினாலு. பந்து தன்னுடையது என்று முடிவு செய்துவிட்டால் கத்தமாட்டான். இரண்டு உள்ளங்கையையும் விரித்து மார்புக்கு நேரே உயர்த்துவான். 'விடுங்க, நான் பாத்துக்கறேன்' என்று அர்த்தம். எல்லோரும் ஒதுங்கிக்கொள்வார்கள். அவன் இல்லாவிட்டால் கடைசியிலிருந்து மூன்றாவது இடம் ஏது? நேரே நான்காவது பிரிவு. அதைவிடப் பெரிது, இருபத்துநான்கு ஆண்டு டீக்கடைப் பெருமை.

கொடுமை என்னவென்றால், முனிராஜுக்கு முடிச்சே கிடையாது. கல்யாணம் இல்லை. வாடகை வீடு இல்லை, அம்மாவின் சொந்த வீடு. ஞானஸ்நானம் கொடுக்கப் பிள்ளை இல்லை, இருந்தாலும் அவர்கள் மாரியம்மன் கோயில்காரர்கள். சிபாரிசுக் கடிதம் கேட்டதில்லை. ஒப்பந்தத்தை நீட்டினால் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவான். இவ்வளவு ஒழுங்காக இருக்கும் மனிதனை எங்கே பிடித்துக் கட்டுவது?

"யாராச்சும் கேட்டாத்தானேங்க ஒருத்தன் கிளப்ப உட்டுப் போவான்," என்றாள் சிந்தியா, தட்டை எடுத்துக்கொண்டே. "இத்தன வருசமா உங்க பசங்கள யாரு கேட்டா? இப்பத்தான் ஒருத்தன் கேக்கறான். பாப்போம் உங்க சாமர்த்தியத்த."

மனைவிமார் சொல்லும் உண்மைகளைக் காதில் போட்டுக்கொள்ளாத வழக்கத்தைத் தியோடர் அன்றும் கைவிடவில்லை.

லீகின் விதி எளிது. மே முப்பத்தொன்று காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை பழைய அணி மட்டும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம். ஐந்து அடித்தால் ஆட்டக்காரன் சுதந்திரப் பறவை. எவன் வேண்டுமானாலும் கொத்திக்கொண்டு போகலாம். ஆக, இன்னும் நான்கு நாள். அந்த நான்கு நாளும் ஷ்ரேயாஸின் குரல் முனிராஜின் காதில் விழக்கூடாது.

தியோடருக்குத் தம் இளமைக்காலத்துப் பழைய வழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது: ஒளித்துவைப்பது. கையெழுத்து நாள் நெருங்கினால் நல்ல ஆட்டக்காரனைக் கிளப்காரர்களே தூக்கிக்கொண்டு போய் லாட்ஜிலோ, காபித் தோட்டத்திலோ பதுக்கிவிடுவார்கள். ஆனால் அந்தக் காலத்தில் கைப்பேசி கிடையாது. இன்று ஆளை நிலவில் கொண்டுபோய் வைத்தாலும் ஷ்ரேயாஸ் வீடியோ காலில் வந்துவிடுவான்.

கைப்பேசியை வாசலிலேயே பிடுங்கிக்கொள்கிற ஓர் இடம் இந்த பெங்களூரில் இருக்குமா? இருந்தது. கெங்கேரிக்கு அப்பால், கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு தியான இல்லம். வியாழன் முதல் ஞாயிறு மதியம் வரை மௌனத் தியானம். போனை வாங்கி இரும்பு அலமாரியில் பூட்டிவிடுவார்கள். வாயையும் கிட்டத்தட்ட அப்படித்தான். எந்த மதத்தாரும் வரலாம், பேசத்தான் கூடாது.

"கோல்கீப்பருங்களுக்கு ஸ்பெஷல் கான்சன்ட்ரேஷன் கேம்ப்," என்றார் தியோடர் புதன்கிழமை. கூடவே புதுப்பிப்புக் காகிதத்தில் முன்கூட்டியே கையெழுத்தும் வாங்கிவைத்துக்கொண்டார். அவ்வளவு தூரம் யோசிக்கிறவர். "யூரோப்ல எல்லாரும் இதான் பண்றாங்க. மூணு நாள் ஒரு வார்த்த பேசக்கூடாது."

"போன்?" என்று கேட்டான் முனிராஜ்.

"போனும் கூடாது."

முனிராஜ் சற்று யோசித்தான். பிறகு முகம் மலர்ந்தது. "அது ரொம்ப நல்லதாப் போச்சு சார். நான் வரேன்."

அந்த மலர்ச்சியைத் தியோடர் அப்போதே கவனித்திருக்க வேண்டும். தம் தந்திரத்தை மெச்சிக்கொள்வதில் மும்முரமாக இருந்தார்.

சனிக்கிழமை, மே முப்பத்தொன்று. பகல் பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்திட்ட காகிதத்தை விசிறியபடி கிளப் அறைக்குள் வந்தார். டிரேவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். பதினேழு பேருடைய ஒப்பந்தமும் புதுப்பித்தாகிவிட்டது.

"முனிராஜுது கடைசி. இந்தா காகிதம். ஏத்து."

"காகிதம் எதுக்கு அங்கிள்? ஓடிபி சொல்லுங்க."

"இன்னா பி?"

"பிளேயர் போனுக்கு ஆறு நம்பர் வரும். அத அடிச்சாத்தான் ரினியூ ஆவும். ரெண்டு வருசமா இப்பிடித்தானே."

"எனக்கு யாரும் சொல்லலையே!"

"பசங்க எல்லாரும் இங்கயே நிப்பாங்க, வாங்கி அடிச்சிருவேன். நீங்க அந்நேரத்துக்கு பிரியாணிக்கு ஆள் எண்ணிக்கினு இருப்பீங்க." டிரேவர் ஒரு விசையை அழுத்தினான். "அனுப்பிட்டேன். முனிராஜ கேளுங்க. ஆமா, அவன் எங்க?"

தியோடர் உட்கார்ந்துவிட்டார். எதிரிக்கு எட்டாத இடத்தில் ஆளைப் பூட்டிவிட்டார், சரி. அது தமக்கும் எட்டாத இடம் என்பது இப்போதுதான் உறைத்தது.

தியான இல்லத்துக்குப் போன் போட்டார். யாரோ எடுத்தார்கள். மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. "அலோ! அலோ! அவசரம்!" என்று கத்தினார். மறுமுனை பொறுமையாகக் கேட்டுவிட்டு மென்மையாக வைத்துவிட்டது. மௌனம் அங்கே அவ்வளவு சுத்தம்.

மெட்ரோ பிடித்துச் சல்லகட்டா வரை போய், அங்கிருந்து ஆட்டோவில் போனார். மைசூர் ரோட்டில் அந்தச் சனிக்கிழமை நின்ற வண்டிகளை அடுக்கினால் மைசூருக்கே பாலம் கட்டலாம். இல்லத்தின் வாசலில் இறங்கும்போது மணி மூன்றே முக்கால்.

வாசல் அறையில் மட்டும் தாழ்ந்த குரலில் பேச அனுமதி உண்டு. அங்கே சிஸ்டர் அல்போன்சா உட்கார்ந்திருந்தார். உருவத்தில் சின்னவர், பார்வையில் ரெஃபரி.

"தியானத்துல இருக்கறவங்கள வெளியே கூப்ட முடியாது பிரதர்."

"ரெண்டே நிமிஷம் சிஸ்டர். வாழ்வா சாவா பிரச்சன."

"அதுக்காகத்தான் எல்லாருமே இங்க வராங்க."

"நானாவது உள்ள போயி பாக்கறேன்."

"தாராளமா. பேர் எழுதுங்க. ஞாயிறு மதியம் வரைக்கும். போன இங்க வைங்க."

தியோடர் பேர் எழுதினார். போனை வைத்தார். அலமாரி மூடிக்கொண்டது. உள்ளே போய் ஆளைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தால் போதும், பிறகு இரண்டு பேரும் கிளம்பிவிடலாம் என்பது அவர் திட்டம்.

முனிராஜ் பலா மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். முகத்தில் அப்படியொரு நிம்மதி. மூன்று நாளில் ஒரு கோலும் வாங்காதவனின் நிம்மதி. சுற்றிலும் இருபது பேர் மௌனமாக நடந்துகொண்டிருந்தார்கள். தியோடர் அவன் தோளைத் தட்டினார். கண் திறந்து சிரித்தான். தியோடர் காதருகே கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டி, போன் என்று காட்டினார். பிறகு ஆறு விரல்களைக் காட்டினார்.

முனிராஜ் எழுந்து ஆறு அடி பின்னால் போய் நின்றான்.

இல்லை என்று கையாட்டிவிட்டு, காற்றில் எண்களை எழுதிக் காட்டினார். முனிராஜ் சற்று இடப்பக்கம் நகர்ந்தான். ஐந்து மணி என்பதற்கு மணிக்கட்டைத் தட்டினார். ஆட்டத்தின் கடைசி நிமிடம் என்று புரிந்துகொண்டு முனிராஜ் முழங்காலை மடக்கித் தயாரானான். நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். இதுவும் ஒரு தியான முறை போலிருக்கிறது என்று கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் தாமும் முழங்காலை மடக்கிப் பார்த்தார்.

கடைசியில் தியோடர் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் எழுதினார்: 'காண்ட்ராக்ட். உன் போனில் ஆறு நம்பர். 5 மணிக்குள்.'

படித்தான். இரண்டு உள்ளங்கையையும் விரித்து மார்புக்கு நேரே உயர்த்தினான். நேரே வாசல் அறைக்கு நடந்தான். தியோடர் பின்னால் ஓடினார்.

சிஸ்டரிடம் முனிராஜ் என்ன கேட்டானோ, எப்படிக் கேட்டானோ, ஐந்து நிமிடத்துக்கு என்று அவன் போன் வெளியே வந்தது. பன்னிரண்டு மணிக்கு வந்த எண் செத்துப்போயிருந்தது. டிரேவருக்குப் போன் போட்டுப் புதிதாக அனுப்பச் சொல்லி, வந்த ஆறு எண்ணையும் பூஜையில் மந்திரம் சொல்வதுபோல் மெல்லச் சொன்னான். மறுமுனையில் டிரேவர், "ஆயிருச்சு குரு! ஒரு வருசம்!" என்று கத்தியதில் சிஸ்டரின் புருவம் உயர்ந்தது. மணி நான்கு நாற்பத்தெட்டு.

தியோடர் மூச்சு வாங்கினார். ஜெயித்தாகிவிட்டது. ஜெயித்தவருக்கு ஓர் ஆசை எழுந்தது: தோற்றவன் எப்படித் தோற்றான் என்று பார்க்க வேண்டும்.

"அந்த ஷ்ரேயாஸ் கூப்டானா?"

"இருபத்தொரு வாட்டி கூப்ட்டுருக்கார் சார். மெசேஜும் இருக்கு."

"பாத்தியா! உன்ன அடிச்சினு போலாம்னு பாத்தான். நான் சும்மா உடுவனா? காட்டு."

முனிராஜ் போனைப் பின்னால் மறைத்தான். பிறகு, கிளப்பே கைவிட்டுப் போனாலும் பொய் சொல்லத் தெரியாதவனாகையால், மெல்ல நீட்டினான்.

தியோடர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். 'முனிராஜ், தியோடர் சாரின் நம்பர் ப்ளீஸ்.' 'கிளப் நம்பர் வேலை செய்யவில்லை. ஈமெயிலுக்குப் பதில் இல்லை.' 'எங்கள் ஆட்டக்காரர்கள் எல்லோரும் போய்விடுகிறார்கள். அவரிடமிருந்து இருபத்துநான்கு ஆண்டாக ஒருவரும் போனதில்லை. அவர்தான் எங்களுக்கு வேண்டும்.' கடைசியாக, அன்று காலை: 'ஆட்டக்காரர் தக்கவைப்புத் துறைத் தலைவர். தனி அறை, கார். இன்று மாலை ஐந்துக்குள் அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இல்லையென்றால் வேறு ஒருவரை எடுத்துவிடுவோம்.'

"உன்ன... உன்னக் கேக்கவே இல்லியா?"

"என்ன எதுக்கு சார் கேக்கறாங்க? அவங்க கோல்கீப்பர் ஆறடி நாலங்குலம்."

"அப்ப மல்லேஸ்வரத்துல?"

"உங்க நம்பர் கேட்டார். நான் குடுக்கல. மூணு காபி வாங்கிக் குடுத்தார், அப்பயும் குடுக்கல. டெய்லி போன். எங்க வாய் தவறி சொல்லிடுவனோன்னு பயந்துனு இருந்தேன். நீங்க வந்து போன் இல்லாத எடம் ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்க பாருங்க, மாரியம்மாவே அனுப்புன மாதிரி இருந்துச்சு."

தியோடரின் மனத்துக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நெகிழ்ந்து கண் கலங்கினார். இன்னொருவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு ஐம்பத்திரண்டு.

"நான் எங்கப்பா போவப் போறேன்," என்றார் இரண்டாமவர், முதலாமவரின் குரலில். "ஆனா மரியாதன்னு ஒண்ணு இருக்குல்ல? கூப்ட்டு, வேணாம்னு பக்குவமா சொல்லணும். சொல்றதுக்கு முன்னாடி சும்மா, இன்னா வேல, எவ்ளோ பெரிய ரூம், கார் இன்னா கலருன்னு கேட்டுக்கினா தப்பு இல்ல. சிஸ்டர், என் போன் குடுங்க."

முனிராஜ் அவரையே பார்த்தான். ஆயிரம் உருண்டையில் கோணலானதைப் பார்க்கும் அதே பார்வை.

"நீங்க போனா கிளப்பே இருக்காது சார். எரிக் அன்னிக்கே வீடு மாத்திருவான். டிரேவர் மாமனார் வீட்டுப் பக்கமே போவ மாட்டான்."

"போறேன்னு யாருப்பா சொன்னா? ஒரு போன்! ஒரே ஒரு போன்!"

முனிராஜ் தன் போனை அணைத்தான். அதைச் சிஸ்டர் அல்போன்சாவிடம் பணிவாக நீட்டினான்.

"சிஸ்டர், சாருக்கு ரொம்ப நாளா மனசு அலபாயுது. ஞாயிறு மதியம் வரைக்கும் இருக்கேன்னு அவரே பேர் எழுதிருக்கார். நடுவுல போன் கேட்டா குடுக்காதீங்க. வெளிய இருக்கறவங்க கெடுத்துருவாங்க."

சிஸ்டர் பதிவேட்டைப் பார்த்தார். தியோடர், ஒக்கலிபுரம், ஞாயிறு வரை என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. இருபத்துநான்கு ஆண்டுகளாகப் பிறரிடம் கையெழுத்து வாங்கியே பழகியவர், தாம் எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று யோசித்துப் பார்க்கவில்லை.

"முதல் நாள் எல்லாருக்கும் இப்பிடித்தான் இருக்கும் பிரதர்," என்றார் சிஸ்டர் கனிவாக. அலமாரியில் சாவி திரும்பியது. "சரியாயிரும்."

"சிஸ்டர், இது அநியாயம்! நான்..."

சிஸ்டர் விரலை உதட்டில் வைத்தார். தோட்டத்தில் மணி அடித்தது. மாலைத் தேநீருக்கான மணி. அது அடித்துவிட்டால் வாசல் அறையிலும் மௌனம்.

இரண்டு பேரும் பலா மரத்தடிக்கு வந்தார்கள். வரிசையில் நின்று தேநீர் வாங்கினார்கள். தியோடர் நிழலின் நீளத்தைப் பார்த்து மணி ஐந்தாகிவிட்டது என்று தெரிந்துகொண்டார். சர்ஜாபூரில் ஒரு தனி அறை பூட்டிக்கொண்டது. கலர் தெரியாத ஒரு கார் கிளம்பிப் போனது. முனிராஜ் தன் பிஸ்கட்டையும் எடுத்து அவர் சாசரில் வைத்தான். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைக் கவனிக்கிற மாதிரி. இதெல்லாம் எந்த வகை முடிச்சு என்று தியோடருக்குத் தெரியாதா? அவரே கண்டுபிடித்தவை அல்லவா?

அவர் வாயைத் திறந்தார். என்ன சொல்ல வந்தாரோ, திட்டா பாராட்டா, அது அவருக்கே இன்றுவரை தெரியாது.

முனிராஜ் இரண்டு உள்ளங்கையையும் விரித்து மார்புக்கு நேரே உயர்த்தினான்.

தியோடர் வாயை மூடிக்கொண்டு பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார்.